கருப்பைவாய்ப் புற்றுநோய்: சோதனைக்கும் சிகிச்சைக்கும் நடுவே தொலைந்துபோகும் பெண்கள்

2022-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் ஏறத்தாழ 6,60,000 பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் புதிதாக வந்தது. ஏறத்தாழ 3,50,000 பெண்கள் அதனால் இறந்தார்கள். இறந்தவர்களில் நூற்றுக்கு 94 பேர் குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காரணம் தெரியாத நோயாக இருந்தால் இதை மருத்துவத்தின் போதாமை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் இந்த நோயை உண்டாக்கும் வைரஸ் எது என்பது 1980-களிலேயே தெரிந்துவிட்டது. அதைக் கண்டறிந்த ஜெர்மானிய அறிவியலாளர் ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசும் கிடைத்தது. தடுப்பூசி 2006 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. புற்றாக மாறுவதற்கு முன்பே கண்டுபிடித்து அகற்றும் முறையோ அதைவிட அரை நூற்றாண்டுக்கு மேல் மூத்தது.

ஏழை நாடுகளில் இத்தனையும் பலிக்காமல் போவதற்கு வறுமை, அறியாமை, கூச்சம் என்று காரணம் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். அவை பொய்யல்ல. ஆனால் கடந்த கால் நூற்றாண்டில் எந்தெந்தத் திட்டங்கள் பலன் தந்தன, எவை காகிதத்தோடு நின்றன என்று கூர்ந்து பார்த்தால் இன்னும் துல்லியமான ஒரு விடை கிடைக்கிறது: சோதனையில் தொடங்கிச் சிகிச்சை முடியும்வரை ஒரு பெண் எத்தனை முறை மருத்துவமனைக்கு வந்துபோக வேண்டியிருக்கிறது என்பதே அந்த விடை. பலன் தந்த முறைகளில் பெரும்பாலானவை, அறிவியலில் எவ்வளவு வேறுபட்டாலும், அந்த எண்ணிக்கையில் ஒன்றையோ இரண்டையோ குறைத்தவை.

நோய் உருவாகும் விதத்தை முதலில் பார்த்துவிடுவது நல்லது. கருப்பைவாயின் வெளிப்புறத்தைத் தட்டையான உயிரணுக்களும், உள்ளே செல்லும் கால்வாயைத் தூண் வடிவ உயிரணுக்களும் போர்த்தியிருக்கின்றன. இரண்டும் சந்திக்கும் எல்லை ஓரிடத்தில் நிலைத்திருப்பதில்லை. பருவமடையும்போதும், மகப்பேற்றின்போதும், மாதவிடாய் நின்ற பிறகும் அது நகர்ந்துகொண்டே இருக்கும். மனித பாப்பிலோமா வைரஸ், அதாவது ஹெச்பிவி, தன் வேலையைக் காட்டுவது பெரும்பாலும் இந்த எல்லையில்தான். பாலுறவு வழியே பரவும் இந்த வைரஸ் பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் ஒரு முறையேனும் தொற்றுகிறது. ஓரிரு ஆண்டுகளில் உடலே அதை விரட்டியும் விடுகிறது. விரட்ட முடியாமல் தங்கிவிடும் சிலருக்கு மட்டும், அதிலும் 16, 18 என்ற இரு வகைகள் தங்கினால், உயிரணுக்கள் மெல்ல மாறத் தொடங்குகின்றன. உலகில் வரும் கருப்பைவாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதம் இந்த இரு வகைகளால் வருவது.

தொற்று தங்கியதிலிருந்து புற்றாக முற்றுவதற்கு, நோய் எதிர்ப்பாற்றல் சரியாக உள்ள பெண்ணுக்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். எச்.ஐ.வி தொற்றுக்குச் சிகிச்சை பெறாத பெண்ணுக்கு இது 5 முதல் 10 ஆண்டுகளாகச் சுருங்கிவிடுகிறது. புற்றுநோய்களில் இவ்வளவு நீண்ட அவகாசம் தருபவை குறைவு. இந்த அவகாசத்தில் பெண்ணுக்கு வலியில்லை, உதிரப்போக்கில்லை, எந்தத் தொந்தரவும் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லாதபோது ஒருவரை மருத்துவமனைக்கு ஒரு முறை வரவழைப்பதே கடினம். இரண்டாம் முறை, மூன்றாம் முறை வரவழைப்பது எப்படி இருக்கும் என்பதை இதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

செல்வம் மிகுந்த நாடுகளில் இந்த நோயைக் குறைத்தது, கிரேக்க-அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் பாபனிக்கோலாவ் 1940-களில் பரவலாக்கிய பாப் ஸ்மியர் சோதனை. கருப்பைவாயிலிருந்து உயிரணுக்களைச் சுரண்டியெடுத்து, கண்ணாடித் தகட்டில் பூசி, நிறமேற்றி, பயிற்சி பெற்ற ஒருவர் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். மாறுபட்ட உயிரணுக்கள் தென்பட்டால் அந்தப் பெண்ணைத் திரும்ப அழைத்து, கால்போஸ்கோப் என்ற உருப்பெருக்கிக் கருவியால் பார்த்து, சிறு துண்டு சதையெடுத்துச் சோதித்து, அதன் முடிவு வந்த பிறகு மீண்டும் அழைத்துச் சிகிச்சை அளிக்க வேண்டும். போதாததற்கு, ஒரு தனி ஸ்மியர் சோதனை கோளாறுகளில் ஏறக்குறைய பாதியைத் தவறவிடக்கூடியது. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை திரும்பத் திரும்பச் செய்வதால்தான் அந்தக் குறை ஈடுசெய்யப்படுகிறது. ஆகவே பாப் ஸ்மியரின் வெற்றி என்பது கண்ணாடித் தகட்டின் வெற்றி மட்டுமன்று. முகவரிப் பட்டியல், நினைவூட்டல் கடிதம், ஆய்வகம், போக்குவரத்து, விடுப்புக் கேட்டால் கிடைக்கும் வேலை ஆகிய அனைத்தும் சேர்ந்த வெற்றி. இவை எதுவும் இல்லாத நாடுகள் சோதனையை மட்டும் இரவல் வாங்கின. எடுக்கப்பட்ட தகடுகள் ஆய்வகத்தில் குவிந்து கிடந்தன. முடிவு வந்தபோது அதைச் சொல்வதற்குப் பெண்ணைத் தேட வேண்டியிருந்தது.

இந்தச் சிக்கலுக்கு வந்த முதல் உருப்படியான மாற்று, வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானது. பிறப்புறுப்பை விரித்துப் பிடிக்கும் ஸ்பெகுலம் என்ற கருவியை வைத்துக் கருப்பைவாயை விளக்கொளியில் தெரியச் செய்து, 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தில், சமையலறை வினிகரின் செறிவேதான் இது, நனைத்த பஞ்சை அதன்மேல் ஒற்றியெடுத்து, ஒரு நிமிடம் காத்திருந்து வெறும் கண்ணால் பார்ப்பது. உட்கரு பெருத்து நெருக்கமாக அடைந்திருக்கும் உயிரணுக்களில் அமிலம் பட்டதும் புரதம் தற்காலிகமாகத் திரைகிறது; ஒளி ஊடுருவாமல் அந்த இடம் வெளுத்துத் தெரிகிறது. விஐஏ என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த முறையில் செவிலியர் தேடுவது, எல்லைக்கோட்டை ஒட்டி, ஓரங்கள் கறாராகத் தெரியும் அடர்ந்த வெள்ளைத் திட்டு. ஓரம் மங்கி, ஆங்காங்கே பரவலாக வெளுத்திருந்தால் அது வெறும் அழற்சியாக இருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்தான் மொத்தத் திறமையும் அடங்கியிருக்கிறது. ஆய்வகம் தேவையில்லை; முடிவு அங்கேயே, அப்போதே தெரிந்துவிடும். மாதவிடாய் நின்ற பெண்களில் எல்லைக்கோடு கால்வாய்க்குள் ஏறிவிடுவதால் இந்தச் சோதனை அவர்களுக்குப் பயன்படாது.

இந்த முறையை எடைபோட நடந்த பெரிய ஆய்வுகளில் மூன்று இந்தியாவில் நடந்தவை; ஏழை நாடுகளின் கொள்கைகளை அவையே பெருமளவு வடிவமைத்தன. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியர் ஒரே ஒரு முறை விஐஏ சோதனை செய்து, தேவைப்பட்டவர்களுக்கு அங்கேயே சிகிச்சையும் அளித்தார்கள். சோதனைக்கு அழைக்கப்பட்ட பகுதிகளில் இந்த நோயால் நேர்ந்த இறப்பு 35 சதவீதம் குறைந்தது. மும்பையின் குடிசைப் பகுதிகளில், மருத்துவக் கல்வி இல்லாத சுகாதாரப் பணியாளர்கள் பயிற்சி பெற்று இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை செய்த விஐஏ சோதனை, இறப்பை 31 சதவீதம் குறைத்தது. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1,31,746 பெண்களைக் கொண்டு நடந்த ஆய்வு பாப் ஸ்மியர், விஐஏ, வைரஸின் மரபணு இருக்கிறதா என்று தேடும் ஹெச்பிவி மரபணுச் சோதனை மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தது. அங்கே ஒரே ஒரு முறை செய்த ஹெச்பிவி சோதனை இறப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. விஐஏ, பாப் ஸ்மியர் இரண்டிலும் குறிப்பிடத்தக்க குறைவு தென்படவில்லை. எந்தச் சோதனையும் செய்யப்படாத ஒப்பீட்டுக் குழுக்களை வைத்திருந்தது சரிதானா என்ற கேள்வி இந்த ஆய்வுகள்மீது பின்னர் எழுந்தது. எழ வேண்டிய கேள்விதான் அது.

திண்டுக்கல்லில் பலித்த வினிகர் உஸ்மானாபாத்தில் ஏன் பலிக்கவில்லை? இரு ஆய்வுகளின் அமைப்பும் வேறு என்பதால் ஒற்றைக் காரணம் சொல்வது பொருந்தாது. எனினும் விஐஏ முழுக்க முழுக்கப் பார்ப்பவரின் கண்ணைச் சார்ந்தது என்பதை மறுக்க முடியாது. பயிற்சி முடிந்த முதல் மாதங்களில் கூர்மையாக இருக்கும் கண், மேற்பார்வை இல்லாமல் ஆண்டுக்கணக்கில் வேலை செய்யும்போது மழுங்குகிறது. வினிகர் மலிவு என்பதால் திட்டமே மலிவு என்று கணக்குப் போட்ட அரசுகள் மேற்பார்வைக்கும் மறுபயிற்சிக்கும் பணம் ஒதுக்க மறந்தன.

உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இயன்ற இடங்களில் எல்லாம் ஹெச்பிவி மரபணுச் சோதனையையே முதல் சோதனையாகக் கொள்ளச் சொல்கிறது: பொதுவாக 30 வயதிலிருந்து 5 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒரு முறை, எச்.ஐ.வி உள்ள பெண்களுக்கு 25 வயதிலிருந்து 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒரு முறை. இதிலுள்ள பெரிய அனுகூலம், மாதிரியைப் பெண்ணே எடுத்துக்கொள்ளலாம் என்பது. மென்மையான ஒரு தூரிகைக் குச்சியை உள்ளே செலுத்திச் சுழற்றியெடுத்துக் குப்பியில் போட்டுக் கொடுத்தால் போதும். ஸ்பெகுலம் வேண்டாம், பரிசோதனை மேசை வேண்டாம், வேறொருவர் முன்னால் உடை களைய வேண்டாம். மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் தரமான கருவிகளில், பெண்ணே எடுத்த மாதிரிக்கும் மருத்துவர் எடுத்ததற்கும் துல்லியத்தில் பெரிய வேறுபாடு இல்லை என்பதும் நிறுவப்பட்டுவிட்டது.

ஆனால் இங்கேயும் பழைய பள்ளம் காத்திருக்கிறது. வீட்டுத் திண்ணையிலேயே மாதிரி எடுத்துவிடலாம் என்றாலும், குப்பிகள் தலைநகர் ஆய்வகத்துக்குப் போய், கருவி நிறையும்வரை காத்திருந்து, முடிவு வர வாரங்கள் ஆனால், பாப் ஸ்மியர் காலத்துக் கதையேதான். காசநோயைக் கண்டறிவதற்காகப் பல ஏழை நாடுகளின் சிற்றூர் மருத்துவமனைகளில் ஏற்கெனவே வைக்கப்பட்டிருக்கும் ஜீன்எக்ஸ்பர்ட் கருவியில் ஹெச்பிவி சோதனையும் செய்யலாம். சுமார் ஒரு மணி நேரத்தில் முடிவு வந்துவிடும். பாப்புவா நியூ கினியில், பெண்ணே மாதிரி எடுத்துக் கொடுத்து, இந்தக் கருவியில் அன்றே சோதித்து, வைரஸ் இருந்தால் அன்றே சிகிச்சையும் அளிக்கும் முறை பரீட்சித்துப் பார்க்கப்பட்டு நல்ல பலன் தந்திருக்கிறது. விலையுயர்ந்த சோதனை மலிவான சோதனையை விஞ்சுவது, முடிவு அன்றைக்கே கையில் கிடைக்கும்போதுதான்.

சிகிச்சையிலும் இதே தர்க்கம் செல்லும். புற்றுக்கு முந்தைய திட்டை உறையவைத்து அழிக்கும் கிரையோதெரபி பல ஆண்டுகள் கோலோச்சியது. மூன்று நிமிடம் உறையவைத்து, ஐந்து நிமிடம் உருகவிட்டு, மறுபடி மூன்று நிமிடம் உறையவைக்க வேண்டும். செய்முறை எளிதுதான், ஆனால் அதற்குக் கார்பன் டை ஆக்சைடு அல்லது நைட்ரஸ் ஆக்சைடு உருளை வேண்டும். கனமான அந்த உருளையைக் கரடுமுரடான சாலையில் கொண்டுசெல்வதும், தீர்ந்தால் நிரப்புவதும் பல இடங்களில் நடக்காத காரியமாயின. உருளை காலியாக இருக்கும் நாளில் சோதனைக்கு வந்தவரிடம், அடுத்த மாதம் வாருங்கள் என்று சொல்லி அனுப்புவதைத் தவிர வழியில்லை. இதன் இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது, மின்கலத்தில் இயங்கும் கையடக்கமான வெப்பக் கருவி. அதன் முனை 100 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேறும். கருப்பைவாயில் வைத்து ஒரு நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும். வெப்பத்தை உணரும் நரம்புகள் அங்கே குறைவு என்பதால் மயக்க மருந்து இல்லாமலே பெரும்பாலானோர் தாங்கிக்கொள்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் இதற்கு 2019-இல் தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. திட்டு பெரிதாக இருந்தாலோ, கால்வாய்க்குள் நீண்டிருந்தாலோ, புற்றோ என்று ஐயம் எழுந்தாலோ இதைச் செய்யக் கூடாது; மின்கம்பி வளையத்தால் அந்தப் பகுதியை அறுத்தெடுக்கும் வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்பியாக வேண்டும்.

சிகிச்சைக்குப் பிறகு சில வாரங்களுக்கு நீர்போன்ற கசிவு இருக்கும்; புண் ஆறும்வரை, சுமார் ஒரு மாதம், உடலுறவைத் தவிர்க்க வேண்டும். முன்கூட்டியே விளக்காமல் அனுப்பினால், ஒன்றுமில்லாமல் இருந்த உடம்பைக் கெடுத்துவிட்டார்கள் என்ற பேச்சு ஊர் முழுவதும் பரவிவிடும். ஒரு மாதம் விலகியிருப்பது கணவரின் ஒத்துழைப்பு இல்லாமல் நடக்காது. அதற்கு அவருக்கும் விளக்கம் தேவை. வைரஸ் இருக்கிறது என்ற முடிவைச் சொல்வதும் இப்படித்தான். பாலுறவால் பரவுவது என்ற ஒற்றை வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டால் அது குடும்பத்தில் சந்தேகத்தை விதைக்கும். எப்போதோ வந்த தொற்று ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடந்திருக்கலாம், அதை வைத்து யாருடைய நடத்தையையும் கணிக்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சதைச் சோதனை செய்யாமல் உடனே சிகிச்சை அளித்தால், தேவையில்லாத சிலருக்கும் சிகிச்சை போய்ச் சேரும். இந்த எதிர்வாதத்தில் உண்மை இருக்கிறது. வைரஸ் இருக்கும் பெண்களில் பெரும்பாலோருக்குப் புற்றுக்கு முந்தைய மாற்றம் இருப்பதில்லை. ஆனால் ஒரு நிமிடத்தில் முடியும், பெரிய பின்விளைவு இல்லாத சிகிச்சையைச் சிலருக்குத் தேவைக்கு மேல் அளிப்பதற்கும், உறுதி செய்துகொள்வதற்காகத் திருப்பியனுப்பப்பட்ட பெண் பத்தாண்டு கழித்து முற்றிய புற்றோடு வருவதற்கும் இடையில் தேர்ந்தெடுக்க நேர்ந்தால், முதலாவதைத் தேர்வதே நியாயமாகப் படுகிறது.

எச்.ஐ.வி உள்ள பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு அதிகம். உலகிலேயே இந்த நோய் மிகுந்த நாடுகள், எஸ்வாட்டினி, மலாவி, ஜாம்பியா போன்றவை, ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலும் கிழக்கிலும் திரண்டிருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஜாம்பியத் தலைநகர் லுசாக்காவில் 2006-இல் தொடங்கிய திட்டம் இதை வாய்ப்பாக மாற்றியது. எச்.ஐ.வி மருந்து வாங்கக் குறித்த நாளில் தவறாமல் வந்துபோகும் பெண்களுக்கு அதே வளாகத்தில் சோதனைக்கும் ஏற்பாடு செய்தார்கள். செவிலியர் கருப்பைவாயைச் சாதாரண டிஜிட்டல் கேமராவில் படமெடுத்து, அதைப் பெண்ணுக்கும் காட்டி விளக்கினார்கள்; ஐயமுள்ள படங்களை மருத்துவர்களுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டார்கள். பார்ப்பவரின் கண் மழுங்குவதற்கும் இது ஒரு மருந்து: படம் இருந்தால் மேற்பார்வை இருக்கும்.

தடுப்பூசியின் கதையிலும் வருகைகளைக் குறைத்ததே திருப்பம். அது விபத்தாக நேர்ந்தது என்பதுதான் வேடிக்கை. தொடக்கத்தில் ஆறு மாதங்களில் மூன்று தவணைகள் போட வேண்டும் என்பது விதி. 2009-இல் இந்தியாவில், இரண்டு தவணை போதுமா என்று பார்க்க ஓர் ஆய்வு தொடங்கியது. அதே காலத்தில் ஆந்திரத்திலும் குஜராத்திலும் நடந்த வேறொரு தடுப்பூசித் திட்டத்தில் ஏழு சிறுமியர் இறந்ததாகச் செய்தி வந்து பெரும் சர்ச்சை எழுந்தது. இறப்புகளுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று விசாரணையில் தெரிந்தது. சிறுமியருக்கு ஊசி போடுவதற்கான ஒப்புதலைப் பெற்ற விதத்தில் கடுமையான குறைகள் இருந்ததும் தெரிந்தது. ஆனால் அதற்குள் 2010-இல் எல்லா ஹெச்பிவி தடுப்பூசி ஆய்வுகளிலும் ஊசி போடுவது நிறுத்தப்பட்டுவிட்டது. இரண்டாவது, மூன்றாவது தவணைக்காகக் காத்திருந்த ஏறத்தாழ 5,000 சிறுமியர் ஒற்றைத் தவணையோடு நின்றுபோனார்கள். ஆய்வாளர்கள் அவர்களைக் கைவிடாமல் பத்தாண்டு தொடர்ந்து கவனித்தார்கள். 16, 18 வகைகள் நிலைத்துத் தங்குவதை அந்த ஒற்றைத் தவணை 95 சதவீதம் தடுத்திருந்தது. இரண்டு, மூன்று தவணை பெற்றவர்களுக்குக் கிடைத்த பாதுகாப்பும் கிட்டத்தட்ட அதேதான்.

கோஸ்டாரிகாவில் தவணைகளை முடிக்காமல் விட்டவர்களிடமும் இதே போன்ற பலன் தெரிந்தது. கென்யாவில் இதற்கென்றே திட்டமிட்டு நடத்திய ஆய்வில் 18 மாத அளவில் 97.5 சதவீதப் பாதுகாப்பு பதிவாயிற்று. இவற்றின் அடிப்படையில் உலக சுகாதார நிறுவனம் 2022 டிசம்பரில், 9 முதல் 20 வயதினருக்கு ஒற்றைத் தவணையே போதும் என்று நாடுகள் முடிவுசெய்யலாம் என்றது. பள்ளிக்கு ஒரு முறை போய் ஊசி போட்டுவிட்டு வந்தால் வேலை முடிந்தது. இரண்டு தவணைக்கு வேண்டிய மருந்தில் இரட்டிப்புச் சிறுமியருக்குப் போடலாம் என்பது கூடுதல் ஆதாயம். அதற்கு முன்பே, மூன்று தவணைக் காலத்தில், 2011-இல் தொடங்கிப் பள்ளிகள் வழியாக 90 சதவீதத்துக்கு மேல் சாதித்துக் காட்டிய ருவாண்டாவை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியாது. ஆனால் கிராமந்தோறும் சுகாதாரத் தொண்டர்களைக் கொண்ட அத்தகைய அமைப்பு எல்லா நாடுகளுக்கும் வாய்த்ததில்லை. 2023-இல் உலகச் சிறுமியரில் 27 சதவீதத்தினரே முதல் தவணை பெற்றிருந்தார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரில் அறிவித்த இலக்கு 90-70-90 என்று அறியப்படுகிறது: 2030-க்குள் 90 சதவீதச் சிறுமியருக்கு 15 வயதுக்குள் தடுப்பூசி, 70 சதவீதப் பெண்களுக்கு 35 வயதுக்குள் ஒரு முறையும் 45 வயதுக்குள் மறுமுறையும் தரமான சோதனை, நோய் கண்டவர்களில் 90 சதவீதத்தினருக்குச் சிகிச்சை. மூன்று எண்களும் நல்ல எண்கள்தான். ஆனால் களத்தில் எளிதாக எண்ணக் கூடியது நடுவிலுள்ள 70. ஒரு முகாம் நடத்தி, ஆயிரம் பேருக்குச் சோதனை என்று பதிவேட்டில் எழுதிவிடலாம். சோதனையில் கோளாறு தெரிந்தவர்களில் எத்தனை பேர் சிகிச்சை பெற்றார்கள் என்ற பத்தி, பல பதிவேடுகளில் அச்சிடப்பட்டிருந்தும் வெறுமையாக இருக்கிறது. அந்தப் பத்தி நிரம்பாத முகாமினால் ஒரு புற்றுநோயும் தடுக்கப்படவில்லை.

முற்றிய நோயோடு வருபவர்களின் நிலை வேறு. அவர்களுக்கு வேண்டியது கதிர்வீச்சுச் சிகிச்சை. ஆப்பிரிக்காவில் 20-க்கும் மேற்பட்ட நாடுகளில் அதற்கான வசதியே இல்லாதிருந்த நிலையில்தான் சர்வதேச அணுசக்தி முகமை 2022-இல் இதற்கென ஒரு தனி முயற்சியைத் தொடங்கியது. கருவி வந்தாலும் சிகிச்சை பல வாரங்கள் நீளும். அத்தனை நாளும் ஊரைவிட்டு வந்து தங்க இடமும் உணவும் துணைக்கு ஒருவரும் வேண்டும். வலியைத் தணிக்கும் மார்ஃபின்கூடப் பல இடங்களில் கிடைப்பதில்லை.

தடுப்பூசி வந்துவிட்டதே, இனிச் சோதனைக்கு ஏன் மெனக்கெட வேண்டும் என்று நிதியமைச்சகங்களில் கேட்கப்படுவது இயல்பு. இதற்கு விடையாக 78 குறைந்த, கீழ்-நடுத்தர வருவாய் நாடுகளுக்கு ஒரு கணிப்பு செய்யப்பட்டு 2020-இல் வெளியானது. சிறுமியருக்குத் தடுப்பூசி போடுவதோடு நிறுத்திக்கொண்டால், 2030-இல் இந்த நோயால் நேரும் இறப்பு வீதம் 0.1 சதவீதம் மட்டுமே குறையும். வாழ்நாளில் இரு முறை சோதனையும் புற்றுக்கான சிகிச்சையும் சேர்ந்தால் குறைவு ஏறத்தாழ 34 சதவீதம். 12 வயதில் ஊசி போட்டுக்கொண்ட சிறுமிக்கு அதன் பலன் நடுவயதில்தான் தெரியவரும். அவளுடைய தாய்க்கு இப்போது 35 வயது இருக்கலாம். வைரஸ் ஏற்கெனவே தங்கியிருந்தால் ஊசி அதை விரட்டாது.